உதட்டை முந்திய குரல்

செருப்புக் கடைக்கு மேலே அந்த அறை. குறுகலான படிக்கட்டில் எப்போதும் புது ரப்பர் வாடை அடிக்கும். மேலே ஏறிக் கதவைத் தள்ளினால் அந்த வாடை விலகி, சூடேறிய தூசியின் வாடை வந்து உட்காரும். சுவரோரம் வீடியோ கேசட் ஓட்டும் மூன்று டேப் டெக்குகள் ஒன்றின் தலையில் ஒன்றாக அடுக்கியிருக்கும். உச்சியில் இருப்பதற்கு மூடி கிடையாது. மூடினால் நின்றுவிடும் என்பதால் வயிற்றைத் திறந்து போட்டபடியே அது பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அங்கே வேலை செய்கிறவளைத் தெருவில் எல்லாரும் கேசட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் படம் வெட்டி ஒட்டுகிற வேலையில் இருந்தவள். அது மூடப்பட்டபோது, தூக்கிப் போட வைத்திருந்த டெக்குகளை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். எதற்கு என்று அப்போது அவளுக்கே தெரியாது. பிறகு ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். டிவியில் வந்ததை எப்போதோ வீட்டில் பதிந்து, பரணில் போட்டு மறந்தவர்கள். மாமா கூட்டத்தோடு கூட்டமாக அரை நொடி தெரிகிற கால்பந்து ஆட்டம், மகள் இரண்டாவது வரிசையில் நின்று பாடிய நிகழ்ச்சி, தங்கள் கடை தீப்பிடித்த அன்று வந்த செய்தி. இவற்றையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றி ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுப்பது அவள் தொழில்.

மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டெக்கை ஓடவிட்டால் கம்ப்யூட்டர் பதிந்துகொள்ளும். சிக்கல் அதற்குப் பிறகுதான். பழைய டேப்பில் கசங்கிய இடம் வந்தால் கம்ப்யூட்டர் தடுமாறிச் சில பிரேம்களை விழுங்கிவிடும். படம் குட்டையாகும், ஒலி அப்படியே இருக்கும். முதல் நிமிடத்தில் ஒன்றாகப் போகிற உதடும் குரலும் முடிவதற்குள் சண்டை போட்டுப் பிரிந்த தம்பதி மாதிரி ஆளுக்கொரு பக்கம் போய்விடும். சில டேப்பில் பிசகு ஆரம்பத்திலேயே இருக்கும், ஆனால் கடைசிவரை அதே அளவில் நிற்கும். அதை மொத்தமாக நகர்த்தினால் போதும். சிலதில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். சிலதில் ஒரே இடத்தில் தாவும். எந்த வகை என்று தெரியாமல் கை வைத்தால், ஒரு இடத்தைச் சரிசெய்து ஒன்பது இடத்தைக் கெடுத்ததாக முடியும்.

அவளுடைய வழி எளியது. ப, ம இரண்டையும் உதடு மூடாமல் யாராலும் சொல்ல முடியாது. திரையில் உதடு மூடும் இடத்தைத் தேடுவாள், ஒலியில் அந்த எழுத்தைத் தேடுவாள், இரண்டையும் சேர்த்து ஆணி அடித்ததுபோல் நிறுத்துவாள். ஆரம்பத்தில் ஒரு ஆணி, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. மூன்றும் நின்றால் வேலை முடிந்தது.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து தொலைத்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது டிவி ஓடினால் அவளால் கதையைப் பார்க்க முடியாது.

"பாருங்க, பாருங்க. கொஞ்சம் பிந்துது."

"ஏம்மா, அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டிருக்கா. நீ அவ வாயை அளந்துக்கிட்டிருக்க" என்பார் கணவர். பஸ் ஓட்டுகிறவர். "நம்ம கல்யாணத்துல நீ தலையாட்டினது ஒரு நேரம், சரின்னு சொன்னது ஒரு நேரம். அன்னைக்கே நான் கவனிச்சிருக்கணும்."

மகளுக்கு வேலை கிடைத்ததும் முதல் காரியமாக அம்மாவுக்கு ஒரு ஹெட்போன் வாங்கி வந்தாள். கம்பி இல்லாதது. பழைய ஹெட்போனின் கம்பி நாற்காலிச் சக்கரத்தில் மாட்டி மாட்டி, பல இடத்தில் டேப் சுற்றிய நிலையில் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கவும் வழியில்லை. சத்தம் வந்தால் கீழே செருப்புக் கடைக்காரர் தன் கூரையைக் குச்சியால் தட்டுவார், அது இவள் காலடியில் இடிக்கும். புது ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் எழுந்து நடந்தாள், ஜன்னலைத் திறந்தாள், டீக்கு வெந்நீர் வைத்தாள், அப்போதும் காதில் குரல் ஓடியது. முப்பது வருடம் கயிற்றில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டதுபோல் இருக்கிறது என்று மகளிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு வந்த டேப்புகள் எல்லாவற்றிலும் குரல் கொஞ்சம் பிந்தி வந்தது. டேப்புக்கும் வயசாகிறது என்று நினைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கொஞ்சம் முன்னால் இழுத்துக் கொடுத்தாள். கால்பந்து டேப் கொடுத்திருந்த ஒருவர் போன் செய்து, "அக்கா, பந்து உள்ள போறதுக்கு முன்னாடியே கமெண்ட்டரிக்காரன் கத்திடறான்" என்றார். "அவருக்கு அவசரம் போல" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு வரும் ஆபத்து இது. எவ்வளவு கவனமாக இருக்கிறோம் என்பதையே சரியாக இருப்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள்.

சாவிக்காரி வந்தது அப்படியொரு நாளில். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பெட்டி அளவு கடை போட்டுச் சாவி வெட்டுகிறவள் அவள். காது கேட்காது என்று தெருவுக்கே தெரியும். மிஷின் சாவியைக் கடிக்கும் ஆழத்தை விரல் நுனியின் அதிர்விலேயே தெரிந்துகொள்வாள். ஒரு துணிப்பை நிறையக் கேசட்டுகளை மேசையில் வைத்தாள்.

கேசட்டக்கா திரும்பி டெக்கைப் பார்த்தபடி ஏதோ கேட்டாள்.

"அக்கா, முகத்தைக் காட்டிப் பேசுங்க. அந்தப் பக்கம் திரும்பிட்டீங்கன்னா எனக்கு நீங்க வெறும் முதுகுதான்."

"அய்யோ, மன்னிச்சுக்கம்மா. என்ன டேப் இதெல்லாம்?"

"எங்க அண்ணன். டிவியில மழை சொல்லுவாரே."

கேசட்டக்காவுக்கு உடனே ஞாபகம் வந்தது. பழைய உள்ளூர் சேனலில் தினமும் சாயங்காலம் ஒரு வரைபடத்தின் முன்னால் குச்சியோடு நின்று வானிலை சொன்னவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவரைப் பார்த்தால், "மழைக்காரரே, இன்னிக்குக் குடை எடுக்கணுமா?" என்று யாராவது கேட்பார்கள். இப்போது அவர் பதில் சொல்வதில்லை. தொண்டையில் ஆபரேஷன். குரல் போய்விட்டது, வெறும் காற்றுதான் வரும்.

சாவிக்காரி தலைமுடியை ஒதுக்கிக் காட்டினாள். காதுக்கு மேலே, காசு அளவில் ஒரு வட்டம் மண்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு சின்னக் கம்பி காதுக்குப் பின்னால் இறங்கியது. உள்ளே ஒரு கருவி வைத்துத் தைத்து, சில வாரம் ஆகிறதாம்.

"இப்ப எல்லாம் கேக்குது. ஆனா எதுவும் புரியல. தகரத்தைத் தட்டற மாதிரி. பஸ்ஸும் அப்படித்தான், எங்க அண்ணியும் அப்படித்தான்" என்று சொல்லிச் சிரித்தாள். ஆஸ்பத்திரியில் பயிற்சி தருகிற பெண் சொல்லியிருக்கிறாள்: ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு குரலை எடுத்துக்கொள், வாயைப் பார்த்துக்கொண்டே தினமும் கேள், மூளை மெல்ல மெல்லப் பழைய வழியைக் கண்டுபிடிக்கும். "காய்ச்சலுக்கு அப்புறம் எனக்குக் காது மங்க ஆரம்பிச்சப்ப, கடைசியா ஒழுங்காக் கேட்டது அண்ணன் குரல்தான் அக்கா. இப்ப அண்ணன் பேசினா வாய் இருக்கு, குரல் இல்ல. குரல் இந்தப் பையிலதான் இருக்கு."

அம்மா பதிந்தவை அவை. மகன் வருகிற நேரத்துக்கு ரெக்கார்டு பட்டனை அழுத்துவாள், முடிந்ததும் நிறுத்துவாள். ஆனால் நிறுத்தும் கை எப்போதும் பிந்திவிடும். அதனால் ஒவ்வொரு வானிலைக்கும் பின்னால் ஒரு பற்பசை விளம்பரம் தலையை நீட்டி அறுந்து போகும்.

"இந்த விளம்பரத் துண்டை வெட்டிடவா?"

"வேண்டாம் அக்கா. எங்கம்மா எப்பவும் லேட்டு. இருக்கட்டும்."

கேசட்டக்காவுக்கு அந்த வேலை விளையாட்டாக இருந்தது. மழை, மேகம், மூட்டம், பனி, புயல், வெப்பம், மிதமானது. வானிலை சொல்கிறவர் வாயைத் திறந்தாலே உதடு மூடுகிற எழுத்து. போதாக்குறைக்குக் குச்சி வேறு வரைபடத்தில் 'டக்' என்று தட்டும். ஆணி அடிக்க இத்தனை இடம் கொடுத்த ஆளை அவள் பார்த்ததே இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக நிறுத்திக் கொடுத்தாள். தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு இல்லை. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் மெச்சிக்கொண்டாள்.

சில நாளில் சாவிக்காரி படியேறி வந்தாள்.

"அக்கா, இது அண்ணன் இல்ல."

"என்னம்மா சொல்ற? முகம் தெரியுதே."

"முகம் அண்ணன்தான். பேசறது வேற யாரோ. அண்ணன் வாயைத் திறக்கறதுக்குள்ள அவன் சொல்லிடறான். என்ன சொல்லப் போறார்னு முன்னாடியே தெரிஞ்சவன் மாதிரி."

கேசட்டக்கா ஹெட்போனை மாட்டிப் பார்த்தாள். குச்சி தட்டியது, டக் கேட்டது. உதடு மூடியது, 'மழை' வந்தது. மயிரிழை பிசகவில்லை. உன் வீட்டு டிவியில் ஏதோ செட்டிங் கோளாறு என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினாள். ஆனாலும் மனசு கேட்காமல் எல்லாவற்றையும் இன்னொரு தடவை முதலிலிருந்து செய்து கொடுத்தாள்.

அடுத்த தடவை சாவிக்காரி உட்காரக்கூட இல்லை. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, பென் டிரைவை மட்டும் நீட்டினாள்.

"உங்க மேல தப்பில்ல அக்கா. அண்ணன் வீட்டு டிவியில பார்த்தேன், பக்கத்து வீட்டுல பார்த்தேன். எல்லாரும் நல்லாத்தானே இருக்குன்னு சொல்றாங்க. எனக்கு மட்டும்தான் முன்னாடி கேக்குது. அப்படின்னா மண்டைக்குள்ள வச்ச மிஷின்தான் சரியில்ல."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"மிஷின் நல்லா இருக்காம், நான்தான் பழகணுமாம். பழகறேன், பழகறேன், தலைவலிதான் வருது. அடுத்த வாரம் போய் இந்த வெளிப்பக்கத்தைக் கழட்டிக் கொடுத்துட்டு வந்துடலாம்னு இருக்கேன். கேக்காமயே நல்லாத்தான் இருந்தேன். கடையில யார் என்னைத் திட்டினாலும் எனக்குத் தெரியாது. அது ஒரு சொகம்தானே?"

சிரித்தாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. படியிறங்கிப் போனாள்.

கேசட்டக்காவுக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை. மூடியில்லாத டெக் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மிஷின் ஒலியைப் பிந்த வைக்கலாம். எங்காவது ஒரு மூலையில் தேக்கி, மெதுவாக விடலாம். அது புரிகிறது. ஆனால் இன்னும் சொல்லாத வார்த்தையை எந்த மிஷினாவது முந்திக் கேட்குமா? காதுக்கு மேலே ஒட்டிய வட்டத்துக்கு ஜோசியம் தெரியுமா? பிந்துவதற்குக் காரணம் எங்கும் இருக்கலாம். முந்துவதற்கு, யாரோ ஒருவர் கை வைத்து இழுத்திருந்தால்தான் உண்டு.

அந்த எண்ணம் யாருடைய கை என்பதுவரை போகவில்லை. தன்னைச் சந்தேகிப்பதற்கு முன் மனிதர்களுக்கு நிறைய வாசல்கள் திறந்திருக்கின்றன. கரண்ட் சரியில்லையோ, பென் டிரைவ் மலிவோ, டேப்பே அப்படி ஒளிபரப்பானதோ. எல்லா வாசலிலும் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் சாவிக் கடைக்கே நேராகப் போனாள். முகத்தை நன்றாகக் காட்டி, "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை என் ரூமுக்கு வா. அண்ணனையும் கூட்டிட்டு வா. நீ பாக்கறதை நானும் உன்கூட உக்காந்து பாக்கணும்" என்றாள்.

"எதுக்கு அக்கா, வெட்டியா?"

"வெட்டியாவே வா."

இருவரும் வந்தார்கள். மழைக்காரர் மெலிந்திருந்தார். கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய துணி. மீசை மட்டும் டிவியில் பார்த்த அதே மீசை, சாயம் போயிருந்தது. நாற்காலி ஒன்றுதான், அதைத் தங்கைக்குத் தள்ளிவிட்டு அவர் ஒரு டெக் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

கேசட்டக்கா பழக்கத்தில் ஹெட்போனை எடுத்துச் சாவிக்காரியின் தலையில் மாட்டப் போனாள். தலையில் ஒட்டியிருந்த வட்டம் நகர்ந்து கீழே விழப் பார்த்தது. "இதுல மாட்ட முடியாது அக்கா" என்று சாவிக்காரி கையால் பிடித்துக்கொண்டாள். சரி, செருப்புக் கடைக்காரர் தட்டினால் தட்டட்டும் என்று, பல மாதமாக வாய் திறக்காத ஸ்பீக்கர்களின் தூசியைத் துடைத்து ஒலியை அதில் விட்டாள்.

திரையில் வாலிப மழைக்காரர் வந்தார். "வணக்கம்" என்றார். கேசட்டக்காவின் புருவம் சுருங்கியது. அவர் குச்சியை ஓங்கினார். 'டக்' என்று கேட்டது. அதற்குப் பிறகுதான் குச்சி வரைபடத்தைத் தொட்டது.

அவள் நிறுத்தினாள். பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் டக் முதலில், தட்டு பிறகு. உதடு மூடியிருக்கும்போதே 'மழை' பாதி வந்துவிட்டது.

சாவிக்காரி திரையைப் பார்க்கவே இல்லை. கேசட்டக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் படிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. "பார்த்தீங்களா?" என்றாள் மெதுவாக.

கேசட்டக்கா ஒலியை ஹெட்போனுக்கு மாற்றித் தன் காதில் மாட்டினாள். அதே துண்டு, அதே குச்சி. எல்லாம் கச்சிதம். மறுபடி ஸ்பீக்கர். முந்தியது. மறுபடி ஹெட்போன். கச்சிதம். மாட்டுவதும் கழட்டுவதுமாக அவள் படும் பாட்டைப் பெட்டி மேலிருந்து பார்த்த மழைக்காரர், காற்றுக் குரலில் சொன்னார்:

"தலையில மாட்டினா சரியாயிடுதா? அப்ப பாக்கறவங்க எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு வாங்கிக் கொடுத்துடுங்கம்மா."

வேடிக்கையாகச் சொன்னதுதான். கேசட்டக்கா ஹெட்போனைக் கழட்டி, அதை முதல்முறை பார்ப்பதுபோல் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கம்பி இல்லை. கம்பி இல்லாமல் காற்றில் வருகிற ஒலி வழியில் எங்கோ மூச்சு வாங்கி, கால் நொடிக்கும் குறைவாக, ஆனால் உதடு படிக்கிறவளுக்குத் தெரிகிற அளவுக்கு, பிந்தி வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பிந்தலை டேப்பின் பிந்தல் என்று நினைத்து, ஒவ்வொரு டேப்பிலும் ஒலியை முன்னால் இழுத்திருக்கிறாள். அவள் தலையில் இருக்கும்வரை எல்லாம் சரி. உலகத்தில் மற்ற எல்லாருக்கும் தப்பு.

அவள் மண்டியிட்டமாதிரித் தரையில் உட்கார்ந்து, சாவிக்காரிக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

"நான்தாம்மா. உன் மிஷின் இல்ல, உன் டிவி இல்ல. இந்த ஹெட்போன்ல எனக்குச் சத்தம் லேட்டா வந்திருக்கு. நான் அதைச் சரி பண்றதா நினைச்சு, சரியா இருந்ததை முன்னாடி இழுத்துட்டேன். ரெண்டு தடவையும்."

சாவிக்காரி ஒவ்வொரு வார்த்தையையும் உதட்டிலிருந்து பொறுக்கிக்கொண்டாள். கோபப்படுவாள் என்று கேசட்டக்கா எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் அது நியாயமும்கூட.

"அப்படின்னா என் காது சரியா இருக்கா?"

"நல்லாக் கேக்கறவங்க யாரும் கண்டுபிடிக்கல. நீ கண்டுபிடிச்ச."

சாவிக்காரி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் விரித்து, மேலே பார்த்து, 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று உதட்டை அசைத்தார். "நீ ஒண்ணும் சொல்லல, சும்மா இரு" என்றாள் அவள். அப்போதுதான் அவள் கண்ணும் சேர்ந்து சிரித்தது.

அன்றைக்கே ஒரு துண்டைச் சரிசெய்து பார்த்துவிடலாம் என்று கேசட்டக்கா ஒலியைப் பின்னால் நகர்த்த ஆரம்பித்தாள். பாதியில் அவளுக்கு ஒரு தயக்கம் வந்தது. தன் கண்ணையும் காதையும் நம்பி இத்தனை மாதம் போன வழி போதும். மவுஸைச் சாவிக்காரியிடம் தள்ளினாள். "நீயே நகர்த்து. எந்த இடத்துல அவர் உன் அண்ணன் ஆகறாரோ அங்க நிறுத்து."

சாவிக்காரி அதைச் சாவி தேய்ப்பதுபோல் செய்தாள். ஒரு தேய்ப்பு, ஓடவிட்டுப் பார்ப்பது. இன்னொரு தேய்ப்பு. அவசரம் இல்லை. அதிகமாகத் தேய்த்த சாவியை மறுபடி வளர்க்க முடியாது என்று பழகிய கை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் தன் பழைய வாய் சொல்வதைத் தன் இப்போதைய வாயால் கூடவே சொல்லிப் பார்த்தார். மனப்பாடம்போல் வந்தது. கீழே செருப்புக் கடைக்காரர் கூரையைத் தட்ட ஆரம்பித்தார். கேசட்டக்கா காலை மாற்றி வைத்துக்கொண்டாளே தவிர ஒலியைக் குறைக்கவில்லை.

ஒரு இடத்தில் சாவிக்காரியின் விரல் நின்றது. மறுபடி கேட்டாள். தலையைச் சாய்த்து இன்னொரு தடவை.

"இங்க. இது அண்ணன்."

கேசட்டக்கா எட்டிப் பார்த்தாள். தான் ஆணி அடித்திருக்கக்கூடிய இடத்துக்கு ஒரு இழை பின்னால் நின்றது. சரிசெய்யக் கை போனது, பிறகு திரும்பி மடிக்கே வந்தது. மின்னலைப் பார்த்த பிறகுதான் இடி கேட்கிறது. தெருக்கோடியில் துணி துவைக்கிறவரின் கை கல்லில் விழுந்த பிறகுதான் சத்தம் வருகிறது. பிறந்ததிலிருந்து எல்லாக் குரலும் நமக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேர்ந்திருக்கிறது, அதை மனசு மன்னித்துப் பழகியிருக்கிறது. முந்தி வருவதைத்தான் அதனால் ஏற்க முடிவதில்லை. அந்த ஒரு இழை அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சாவிக்காரி அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கழட்டிக் கொடுப்பதற்காக இல்லை, வழக்கமான பயிற்சிக்கு. மீதி டேப்புகளைச் செய்ய அவகாசம் கொடு என்று கேசட்டக்கா கேட்டிருந்தாள்.

வீட்டில் மகளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சுற்றி வளைத்து, ஹெட்போன் நல்ல ஹெட்போன்தான், ஆனால், என்று இழுத்தாள்.

"அம்மா, அது பாட்டு கேக்கறதுக்குன்னு வாங்கினது. நீ அதை வச்சு வேலை பாப்பேன்னு எனக்கென்ன தெரியும்?"

"பாட்டு நான் எப்பக் கேட்டேன்?"

"அதான் வாங்கிக் கொடுத்தேன். இனிமேலாவது கேளு."

கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "ஊர் முழுக்க வாயும் சத்தமும் தனித்தனியாப் போயிட்டிருக்கு. எனக்கு இப்பத்தான் நிம்மதியா இருக்கு. நம்ம வீடு மட்டும் இல்லன்னு தெரிஞ்சதுல."

கேசட்டக்கா பழைய ஹெட்போனை எடுத்து, கம்பிக்கு இன்னும் நாலு சுற்று டேப் ஒட்டினாள். மகள் பரிசளித்த நாளிலிருந்து வேலை வாங்கிப் போன எல்லாருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்து, தப்பு தன்னுடையது, கொண்டு வந்தால் மறுபடி செய்து தருகிறேன் என்றாள். சிலர் கொண்டு வந்தார்கள். பலர் "நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். கால்பந்துக்காரர் மறுத்தே விட்டார். "வேண்டாம் அக்கா, எங்களுக்குப் பழகிடுச்சு. கோல் வருதுன்னு முன்னாடியே தெரிஞ்சா சமையக்கட்டுல இருக்கிறவங்க ஓடி வர வசதியா இருக்கு." அவள் கண்டிப்பாகச் சொல்லி அதையும் வாங்கிச் செய்தாள். தெரியாமல் செய்த தப்பை மன்னிக்கலாம். தெரிந்த பிறகு விட்டு வைப்பது வேறு கணக்கு.

எல்லாம் முடிந்து, அண்ணனும் தங்கையும் மறுபடி வந்தார்கள். நல்ல வெயில் நேரம். எதிர் ஜன்னலிலிருந்து வெளிச்சம் திரையில் அடித்து, மழைக்காரரின் பழைய முகம் பாதி மங்கலாகத் தெரிந்தது. கேசட்டக்கா வரிசையாகப் போட்டுக் காட்டினாள். புயல் வந்த வருடம், மழையே வராத வருடம், மீசை வைப்பதற்கு முந்திய வருடம்.

"இதுல சொன்ன மழை வந்துதா அண்ணே?" என்று கேசட்டக்கா மழைக்காரரைக் கேட்டாள்.

"பாதி வந்தது" என்றார் அவர் காற்றுக் குரலில். "மீதி பாதிக்கு இன்னும் தெருவுல பதில் சொல்லிட்டிருக்கேன்."

"கண்ணு கூசுது" என்று சாவிக்காரி எழுந்து போய், ஜன்னல் திரைச்சீலையை இழுத்தாள். அது கம்பியில் மாட்டிக்கொண்டது. அறைக்கு முதுகைக் காட்டியபடி, துணியின் கொக்கியை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டிருந்தாள். பின்னால் டேப் ஓடிக்கொண்டிருந்தது. "மாலையில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும். வெளியே செல்பவர்கள் குடை எடுத்துச் செல்லவும்."

"இந்த வெயில்ல குடையாம்" என்றாள் சாவிக்காரி, தெருவைப் பார்த்துக்கொண்டே. "யாரு கேப்பா உன் பேச்சை?"

கேசட்டக்காவின் கை மவுஸின் மேல் நின்றது. மழைக்காரர் பெட்டியிலிருந்து பாதி எழுந்தார். அவர் உதடு ஏதோ சொல்லத் திறந்தது. தங்கை பார்க்கவில்லை. அவர்கள் இருவரும், ஓடிக்கொண்டிருந்த திரையும், அவள் முதுகுக்குப் பின்னால். வாயைப் பார்க்காமலே அவள் என்ன செய்தாள் என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை.

யாரும் டேப்பை நிறுத்தவில்லை. வானிலை முடிந்தது. பற்பசை விளம்பரம் தலையை நீட்டி, பாட்டின் முதல் வரி பாதியில் அறுந்தது.

கடைசிக் கொக்கி விடுபட்டு, திரைச்சீலை சரசரவென்று இறங்கியது. அந்தச் சத்தத்துக்கும் அவள் தலை லேசாகத் திரும்பியது.

"அம்மா மறுபடியும் லேட்டு" என்றாள்.